இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்: கேள்விகளும் பதில்களும்

டூ ஸ்ட்ரோக் (கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை எரியும் இன்ஜின்) வைத்த டர்ட் பைக், அதாவது மண்ணிலும் மேட்டிலும் ஓட்டும் வண்டி பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர்ப் பக்கமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. சிலிண்டர் போர், போர்ட்டிங், கிராங்க் வேலைதான் என் தொழில். பட்டறை சிங்காநல்லூர்ப் பக்கம். இன்ஜினுக்குள் நடப்பதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். லோன், இன்சூரன்ஸ், பழைய வண்டி விலை எல்லாம் என் துறை இல்லை.

பொள்ளாச்சி: அண்ணா, இன்ஜெக்ஷன் வச்ச டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்களே, நெசமுங்களா?

வந்து பல வருஷம் ஆகிவிட்டது, தம்பி. இன்ஜெக்ஷன் என்றால் கார்ப்பரேட்டருக்குப் பதிலாக, கம்ப்யூட்டர் அளந்து இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சுவது. 2017-இல் கேடிஎம் 250, 300 இஎக்ஸ்சி வண்டிகளை டிரான்ஸ்ஃபர் போர்ட் (சிலிண்டருக்குள் புதுக் கலவை ஏறும் வழி) இன்ஜெக்ஷனோடு அறிமுகப்படுத்தியது. அதே குடும்பத்து ஹஸ்க்வர்னாவிலும் அது வந்தது. 2023 மாடல் மோட்டோகிராஸ் (மண் டிராக் ரேஸ்) வண்டிகளில் முறையை மாற்றி இன்ஜெக்டரைத் த்ராட்டில் பாடிக்கு, அதாவது இன்ஜினுக்குள் காற்று நுழையும் வாய்க்குக் கொண்டுபோனார்கள். 2024 மாடல் என்டியூரோ (கல்லிலும் மேட்டிலும் நெடுந்தூரம் ஓட்டும்) வண்டிகளும் அப்படியே. ஜப்பான்காரர்கள் திரும்புவார்களா என்பதுதான் உண்மையான கேள்வி. ஹோண்டா தன் சிஆர் டூ ஸ்ட்ரோக் வரிசையை 2007 மாடலோடு நிறுத்தியது. யமஹா ஒய்இசட் 125, 250 இரண்டையும் விடாமல் செய்துவருகிறது, ஆனால் கார்ப்பரேட்டரோடு. அவர்களில் ஒருவர் இன்ஜெக்ஷனோடு இறங்கினால் மற்றவர்களும் சும்மா இருக்க முடியாது.

ஈரோடு, மெக்கானிக்கல் மாணவர்: டூ ஸ்ட்ரோக் ஏன் புகை கக்குது? இன்ஜெக்ஷன் வச்சா எப்படிக் குறையும்? கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க.

நல்ல கேள்வி, நிதானமாகவே சொல்கிறேன்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வழி) திறக்கும், அடுத்து டிரான்ஸ்ஃபர் போர்ட்கள் திறக்கும். பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸில் அமுங்கியிருக்கும் புதுக் கலவை மேலே பாய்ந்து, எரிந்து முடிந்த வாயுவை வெளியே தள்ளவேண்டும். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்தே கிடக்கிறது. அதனால் புதுக் கலவையிலும் ஒரு பங்கு எரியாமலே சைலன்சருக்குள் போய்விடுகிறது. சாதாரண கார்ப்பரேட்டர் வண்டியில் நூற்றுக்கு 25, 30 பங்கு பெட்ரோல் இப்படி வீணாவது உண்டு. எக்ஸ்பான்ஷன் சேம்பர் (சைலன்சருக்கு முன்னால் வயிறு பெருத்த குழாய்) அதில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே தள்ளும். ஆனால் அது ஒத்துழைப்பது குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) மட்டும். கண்ணுக்குத் தெரியும் நீலப் புகை, இன்ஜின் தேயாமலிருக்கப் பெட்ரோலில் கலக்கும் ஆயில். மூக்கில் ஏறும் வாடை எரியாத பெட்ரோல்.

வழி என்ன? வெறும் காற்றால் சிலிண்டரைக் கழுவிவிட்டு, எக்ஸாஸ்ட் போர்ட் மூடியபின் பெட்ரோலை உள்ளே பீய்ச்ச வேண்டும். இதுதான் டைரக்ட் இன்ஜெக்ஷன். சொல்வது சுலபம். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லி செகண்ட். எக்ஸாஸ்ட் போர்ட் மூடியதிலிருந்து பிஸ்டன் உச்சிக்கு வர ஏறக்குறைய கால் சுற்று, அதாவது 2.5 மில்லி செகண்ட். 9000-க்குப் போனால் 1.7-க்கும் கீழே. அதற்குள் பெட்ரோல் வரவேண்டும், பொடிப்பொடியாகி ஆவியாக வேண்டும், காற்றோடு கலக்க வேண்டும், பிளக் அடிக்க வேண்டும். கஷ்டமும் செலவும் இங்கேதான்.

கேடிஎம் 2017-இல் எடுத்தது நடு வழி. டிரான்ஸ்ஃபர் போர்ட்டில் இரண்டு இன்ஜெக்டர்கள். மேலே ஏறிவரும் காற்றுக்கு எதிராகக் கீழ்நோக்கிப் பீய்ச்சும். முதலில் போகும் காற்றில் பெட்ரோல் குறைவு, அதனால் வீணாவதும் குறைவு. பெட்ரோல் கிராங்க் கேஸ் வழியாக வராததால் கிராங்க் பேரிங்குக்குத் தனியாக ஆயில் பம்ப், தனி ஆயில் டேங்க். த்ராட்டில் பாடிக்கு மாறிய புது முறையில் பெட்ரோல் பழையபடி கிராங்க் கேஸ் வழியாகத்தான் வருகிறது. அளவு துல்லியமாக இருக்கும், ஓட்டவும் நன்றாக இருக்கும். ஆனால் எக்ஸாஸ்ட் திறந்திருக்கையில் உள்ளே போவது மறுபடியும் பெட்ரோல் கலந்த காற்றுதான். போகும் பாதையை வைத்துச் சொன்னால், சுத்தம் என்ற கணக்கில் இது ஒரு படி கீழே.

அதனால் யாராவது "இன்ஜெக்ஷன் வண்டி, சுத்தமானது" என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள். பெட்ரோல் எந்த இடத்தில் நுழைகிறது, எப்போது நுழைகிறது என்று கேளுங்கள்.

காங்கேயம்: ஆர்எக்ஸ் 100 இன்ஜெக்ஷனோட திரும்ப வருமாங்ண்ணா?

வராது. 1996-இல் உற்பத்தி நின்ற யமஹா டூ ஸ்ட்ரோக் வண்டி. 2020 ஏப்ரல் முதல் இங்கே பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. அதற்கு ஏற்ற டூ ஸ்ட்ரோக் ரோடு பைக் செய்யும் செலவில் இரண்டு ஃபோர் ஸ்ட்ரோக் மாடல் செய்துவிடுவார்கள்.

கோத்தகிரி: என்கிட்ட பழைய கார்ப்பரேட்டர் டூ ஸ்ட்ரோக் இருக்குது. மேட்டுப்பாளையத்துல பட்டாசு மாதிரி ஓடுது, மேல வந்தா திணறுது. இன்ஜெக்ஷன் இருந்தா இது தீருமா?

தீரும். ஊட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள், 2,240 மீட்டர் உயரம்; அங்கே காற்று சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிசு. கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது, அதே ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை) வழியாக அதே பெட்ரோலை விடும். கலவையில் பெட்ரோல் அதிகமாகி வண்டி திணறும், பிளக் கறுக்கும். இன்ஜெக்ஷனில் காற்றழுத்த சென்சார் பார்த்துக் குறைத்துக்கொள்ளும்.

இரண்டு விஷயம் முக்கியம். மேலே சின்ன ஜெட் போட்டவர்கள் அதோடேயே கீழே இறங்கிச் சமவெளியில் முறுக்கினால் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறிச் சீஸ் ஆகும், அதாவது சிக்கி நின்றுவிடும். அப்புறம், ஆயில் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டியில் த்ராட்டிலை முழுக்க மூடி, இன்ஜின் பிரேக்கிலேயே அடிவாரம் வரை இறங்காதீர்கள். த்ராட்டில் மூடினால் பெட்ரோல் மிகக் குறைவு, பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைவு. இன்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது கிளட்ச் பிடித்து ஒரு முறுக்கு முறுக்குங்கள். இப்படி வறண்டு கீறிய பிஸ்டனை விரல் நகத்தால் தடவினாலே எக்ஸாஸ்ட் பக்கம் கோடுகோடாகத் தட்டுப்படும்.

கோபி, விவசாயி: நம்மகிட்ட இருக்கிற டூ ஸ்ட்ரோக் களை வெட்டுற மெஷினும் பவர் ஸ்ப்ரேயரும்தான். பெட்ரோல்ல எத்தனால் கலக்கிறதால கெட்டுப்போகுதுங்கிறாங்களே?

ஐயா, டர்ட் பைக்காரர்களும் இதைப் படிக்கவேண்டும். சுத்தமான பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைக்கும் இ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) 13.5 அளவில் போதும். அதாவது பழைய ஜெட்டிலேயே ஓடினால் கலவை மெலிந்துபோகும், பிஸ்டன் சூடேறும். இரண்டாவது, எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து கேனின் அடியில் நிற்கும், ஆயில் மேலே பெட்ரோலோடு போய்விடும். அடியிலிருந்து இழுக்கும் மெஷினுக்கு ஆயிலே போகாது. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்குக் கலக்குங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, கார்ப்பரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு உரிய ஆயில் மட்டும். டிராக்டருக்கு வாங்கிய 20டபிள்யூ40 மிச்சத்தை ஊற்றவே கூடாது.

திருப்பூர்: இம்போர்ட் பண்ண எவ்வளவு டேக்ஸ் ஆகும்?

கஸ்டம்ஸ் ஏஜென்டைக் கேளுங்கள்.

தாராபுரம்: பழைய ஷோகன் டூ ஸ்ட்ரோக் பைக் இருக்குதுங்க. இன்ஜெக்ஷன் கிட் வாங்கி மாட்டிடலாமா?

வேண்டாம். இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், சென்சார், இசியு (இதையெல்லாம் நடத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்த்து மாட்டினாலும், அந்த இன்ஜினின் போர்ட்டுக்கும் சைலன்சருக்கும் ஏற்ற மேப், அதாவது எப்போது எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு வேண்டும். மேப் தப்பினால் பிஸ்டன் போய்விடும். உங்கள் ஷோகனுக்கு நல்ல ரீட் வால்வு (உள்ளே வந்த கலவையைத் திரும்ப விடாத தகடு), காற்றுக் கசிவில்லாத கிராங்க் சீல், சரியான ஜெட் போதும்.

சூலூர்: ஆர்எக்ஸ் 100 பத்தி ஒரு சந்தேகம்...

காங்கேயத்துக்காரருக்குச் சொன்னதே.

பெருந்துறை: நான் ஒத்துக்க மாட்டனுங்க. ஃபோர் ஸ்ட்ரோக் வந்தப்பவே டூ ஸ்ட்ரோக் கதை முடிஞ்சுது. "சுத்தமான டூ ஸ்ட்ரோக்"ங்கிறது விக்கறதுக்குச் சொல்ற பேச்சு.

முடித்து வைத்தது புகை மட்டும் இல்லை. 1997-இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸில் (ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸ்) அமெரிக்க ரைடர் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஜெயித்தார். அதன் பின்னால் ரேஸ் விதியில் 250 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிராக 450 ஃபோர் ஸ்ட்ரோக் என்று நிலைத்தது. 125-க்கு எதிரில் 250. ஏறக்குறைய இரு மடங்கு சிசி கொடுத்துவிட்டு, டூ ஸ்ட்ரோக் தோற்றது என்றால் எப்படி?

பெருந்துறை: ரேஸ் விதியை விடுங்க. புகைக்கு என்ன பதில்? எவனாச்சும் சாதிச்சுக் காட்டினானா?

காட்டினார்கள். ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் கம்பெனி டைரக்ட் இன்ஜெக்ஷன் முறை ஒன்றை உருவாக்கியது. அப்ரிலியா 50 சிசி ஸ்கூட்டரில் வந்தது அதுதான். பிலிப்பைன்ஸில் ஓடிய டூ ஸ்ட்ரோக் மோட்டார் டிரைசைக்கிள்களில் என்வைரோஃபிட் என்ற அமைப்பு அதே முறையை மாட்டியபோது பெட்ரோல் செலவே சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மிச்சமான அந்தப் பெட்ரோல் முன்பெல்லாம் எங்கே போனது? தெருவில் போகிறவர் மூச்சுக்குள்தான்.

திருச்செங்கோடு: குறுக்க வரேன், மன்னிச்சுக்குங்க. பஜாஜ்லயும் ஜிடிஐ ஆட்டோ வந்துதே!

ஆமாம், அதுவும் டைரக்ட் இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக்தான். நினைவூட்டியதற்கு நன்றி.

பெருந்துறை: அப்புறம் ஏன் ஒண்ணும் நிலைக்கல? பிமோட்டா 500 என்னாச்சு?

நியாயமான அடி. 1997-இல் இத்தாலியின் பிமோட்டா கம்பெனியின் வி டூ 500 பைக் டைரக்ட் இன்ஜெக்ஷனோடு வந்து, இன்ஜெக்ஷன் சரியாக வேலை செய்யாமல் அந்தக் கம்பெனியையே கவிழ்த்தது. டைரக்ட் இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக்கான எவின்ரூட் படகு மோட்டாரும் 2020-இல் நின்றது. ஆனால் எவின்ரூட்டின் அதே குழுமத்தைச் சேர்ந்த ரோட்டக்ஸ் டைரக்ட் இன்ஜெக்ஷன் டூ ஸ்ட்ரோக், ஸ்கீ-டூ பனி வண்டிகளில் 8000 ஆர்பிஎம் பக்கம் சுற்றிக்கொண்டு தொடர்ந்து ஓடியது. 1995 கிரனாடா–டக்கார் ரேலியில் ஹோண்டாவின் இஎக்ஸ்பி-2 என்ற 400 சிசி டூ ஸ்ட்ரோக், பெரிய வண்டிகளுக்கு நடுவே மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தது. பிளக் இல்லாமலே தானாகப் பற்றும் எரிப்பு முறையைச் சில நிலைகளில் பயன்படுத்தியது அது. டர்ட் பைக்கில் சுத்தமான டூ ஸ்ட்ரோக் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? விற்பனை எண்ணிக்கை சிறிது, ஆராய்ச்சிச் செலவு பெரிது. அதனால் யாரும் கடைசிவரை போகவில்லை. இதில் உங்கள் வாதம் பாதி சரி என்று ஒத்துக்கொள்கிறேன்.

கணபதி: ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டே இருங்க, ஸ்டார்க் வார்க் மாதிரி எலக்ட்ரிக் வந்து ரெண்டையும் தூக்கிருச்சு!

மோட்டோகிராஸ் டிராக்கில் எலக்ட்ரிக் வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் காலையில் கிளம்பிச் சாயங்காலம் வரை கல்லிலும் மேட்டிலும் ஓட்டுவது வேறு கணக்கு. அங்கே ஒரு கேன் பெட்ரோலும் எடை குறைந்த இன்ஜினும் போதும். நின்ற இடத்தில் பிஸ்டனை மாற்றிக்கொண்டு மறுபடி கிளம்பலாம். அதற்காகத்தான் இந்த இன்ஜின் உயிரோடு இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சுத்தமாக இருந்தால்தான் உயிரோடு விடுவார்கள். இந்தச் சண்டையை இத்தோடு விடுவோம், மற்ற கேள்விகள் காத்திருக்கின்றன.

சத்தியமங்கலம்: இந்த மாதிரி வண்டியை திம்பம் பக்கம் காட்டுக்குள்ள ஓட்டலாங்களா?

கூடாது. அது புலிகள் காப்பகம். திம்பம் ரோட்டிலேயே ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காட்டுக்குள் எந்த நேரமும் கூடாது. ஆனைமலைக்கும் இதேதான். சொந்தத் தோட்டத்தில், தனியார் டிராக்கில் ஓட்டுங்கள். இட்டேறியில் (தோட்டங்களுக்கு நடுவே போகும் தடம்) ஓட்டினால்கூட ஆடு மாடும் பெரியவர்களும் வருவார்கள், சைலன்சரைக் கழற்றிவிட்டு முறுக்காதீர்கள்.

பல்லடம்: ஆர்எக்ஸ் 100...

அடுத்த கேள்வி.

வால்பாறை: அண்ணா, எஸ்டேட் பக்கம் காட்டுக்குள்ள ஒரு ரவுண்டு மட்டும்...

ஒரு ரவுண்டும் கூடாது. சத்தியமங்கலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கரூர், ஒரு அம்மா: பையனுக்கு 11 வயசு. டர்ட் பைக் கத்துக்கணும்ங்கிறான். டூ ஸ்ட்ரோக் வாங்கலாமா?

வாங்கலாம் அம்மணி. 2024 கடைசியில் கேடிஎம் இங்கே கொண்டுவந்த மோட்டோகிராஸ் வரிசையில் சிறுவர்களுக்கான 50, 65, 85 எஸ்எக்ஸ் மூன்றுமே டூ ஸ்ட்ரோக். ரோட்டில் ஓட்ட முடியாது, டிராக்குக்கு மட்டும். வயதைவிட உயரத்தைப் பாருங்கள்: சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பதியவேண்டும். 11 வயதில் பெரும்பாலும் 65 சரியாக இருக்கும். "வளர்ற பையன்தானே" என்று 85 வாங்கிவிடாதீர்கள். பவர் சட்டென்று ஏறும், பையன் பயந்துவிடுவான். ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் காப்பு, நெஞ்சுக் காப்பு எல்லாம் வந்தபின் வண்டியை எடுங்கள். ஆயில் கலக்கும் வேலையை முதல் நாளிலிருந்தே அவனிடம் கொடுங்கள், அளவுக் குவளையோடு.