விரல் நுனிச் சிவப்பு வெளிச்சம் யாருடையது? – காப்புரிமை கேள்வி பதில்

அடுத்தவர் கண்டுபிடித்ததை எழுதிக் கொடுத்தே இருபத்தாறு வருடம் பிழைத்தவன் நான். காப்புரிமை விண்ணப்பம் வரைவது தொழில். மருத்துவக் கருவி, மின்னணு, ஒளியியல் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் வாய் விட்டுவிட்டேன். வந்து குவிந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நான் செவிலியர். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியைக் கண்டுபிடித்தவர் ஒரு ஜப்பானியர், ஆனால் அமெரிக்காவில் காப்புரிமை வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது என்று படித்தேன். நிஜமா? யாராவது திருடிவிட்டார்களா?

பதில்: நிஜம்தான். திருட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை, அதுதான் வேடிக்கை.

அவர் பெயர் தகுவோ அவோயாகி. நிஹோன் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் பொறியாளர். 1970-களின் தொடக்கத்தில் அவர் தேடிக்கொண்டிருந்தது ஆக்சிஜனை அல்ல. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை, ரத்தம் எடுக்காமலே அளக்கப் பார்த்தார். ரத்தக் குழாயில் ஒரு சாயத்தை ஏற்றுவது, காது மடலின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியுணரி. சாயம் வந்து மெல்லக் கரைந்து போவது ஒரு வளைகோடாக விழ வேண்டும். விழுந்தது. ஆனால் வழவழவென்று விழவில்லை. நாடி துடிக்கும்போதெல்லாம் கோடும் சேர்ந்து குலுங்கியது.

அந்தக் குலுக்கலை ஒழிக்க, சாயம் உறிஞ்சாத இன்னொரு அலைநீள ஒளியையும் கூடவே அனுப்பினார். இரண்டிலும் ஒரே துடிப்புதானே இருக்கும், ஒன்றை வைத்து மற்றதைச் சரிக்கட்டிவிடலாம் என்பது கணக்கு. கோடு அடங்கியது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறினால் மட்டும் கணக்கு உதைத்தது. நானாக இருந்தால் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். அவர் உட்கார்ந்து யோசித்தார். கணக்கைக் கெடுப்பது ஆக்சிஜன் என்றால், கெடுகிற அளவை வைத்தே ஆக்சிஜனைச் சொல்லிவிடலாமே!

அடுத்த முறை அந்தக் கருவியின் வாயைத் திறந்து உள்ளே பாருங்கள். ஒரு தாடையில் இரண்டு எல்இடி இருக்கும். சுமார் 660 நானோமீட்டரில் எரியும் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். பக்கத்திலேயே சுமார் 940 நானோமீட்டரில் எரியும் அகச்சிவப்பு தெரியாது. இரண்டும் மாறி மாறி, கண் பிடிக்க முடியாத வேகத்தில் எரிந்து அணைகின்றன. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பைத் தாராளமாக விட்டுவிடும், அகச்சிவப்பைக் கூடுதலாக விழுங்கும். ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இதற்கு நேர்மாறு. தோல், எலும்பு, நகம், சிரை ரத்தம் எல்லாம் சேர்ந்து எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத் தின்றுகொண்டிருக்கும். துடிப்போடு ஏறி இறங்குவது தமனி ரத்தத்தின் பங்கு மட்டும். அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் இரண்டு ஒளியிலும் பிடித்து விகிதம் பார்த்தால் வேலை முடிந்தது. அதற்கு முன்பும் காதில் மாட்டும் ஆக்சிமீட்டர்கள் இருந்தன. அவை காதை அழுத்தியோ சூடாக்கியோதான் அளந்தன. அவோயாகியின் வழியில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, காப்புரிமைக்கு வருவோம். நிஹோன் கோடன் ஜப்பானில் விண்ணப்பித்த நாள் 1974 மார்ச் 29. கேமரா நிறுவனமான மினோல்டா கிட்டத்தட்ட அதே யோசனையோடு ஏப்ரல் 24 அன்று போய் நின்றது. (கேமராக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒளியை அளப்பதுதானே அவர்கள் பிழைப்பு.) வித்தியாசம் 26 நாள். ஜப்பானில் உரிமை முந்தியவருக்குப் போனது. ஆனால் காப்புரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி. ஒரு நாட்டில் விண்ணப்பித்தால், அந்த முதல் தேதியைக் காட்டி மற்ற நாடுகளில் விண்ணப்பிக்க 12 மாதம் அவகாசம் உண்டு. நிஹோன் கோடன் வெளிநாட்டில் விண்ணப்பிக்கவே இல்லை. மினோல்டா விண்ணப்பித்தது, 1976 டிசம்பரில் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கியது. வேலியே போடாத நிலத்தில் யாரைக் குற்றம் சொல்வது?

அவோயாகி 2020 ஏப்ரலில், 84 வயதில் காலமானார். உலகம் முழுக்க ஜனங்கள் விரலை நீட்டி அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த மாதம் அது.

கேள்வி: காப்புரிமை என்றால் காப்பிரைட்தானே? எதற்குப் பெரிய விளக்கமெல்லாம்?

பதில்: இல்லை. காப்பிரைட் பதிப்புரிமை. கதைக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் எழுதிய கணமே தானாக வந்துவிடும். பேட்டன்ட்தான் காப்புரிமை. அது தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும், பெரும்பாலும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம் மட்டுமே நிற்கும். இரண்டையும் ‘காப்புரிமை’ என்றே எழுதும் செய்தித்தாள்களை நானும் தினம் பார்க்கிறேன். என்ன செய்ய!

கேள்வி: பொறியியல் மாணவன். ஒரு சென்சார் யோசனை இருக்கிறது. நோட்டில் எழுதி, தேதி போட்டு, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது இதையே செய்தால் நான் முந்தியவன் என்று நிரூபிக்கலாம் அல்லவா?

பதில்: நிரூபிக்கலாம். பயன்தான் இல்லை.

இதையேதான் கார்டன் கூல்டு என்பவரும் செய்தார். 1957 நவம்பர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். நோட்டுப் புத்தகத்தில் கணக்குகளும் படமுமாக எழுதி, தலைப்பில் ‘லேசர்’ என்று போட்டார். அந்தச் சொல் முதன்முதலில் எழுத்தில் வந்தது அங்கேதான். நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு மிட்டாய்க் கடைக்குப் போனார். கடைக்காரர் நோட்டரியும்கூட. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கினார். அதோடு விட்டாரே, அதுதான் வினை. விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ஓடுகிற கருவியைக் காட்ட வேண்டும் என்று தவறாக நினைத்துக்கொண்டார். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. படித்துப் பார்த்து ஒரு நிபுணர் செய்துவிட முடிகிற அளவுக்கு விளக்கினால் போதும்.

1958-இல் சார்லஸ் டவுன்ஸ், ஆர்தர் ஷாலோ என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இதே யோசனைக்கு விண்ணப்பித்தார்கள், 1960 மார்ச்சில் அவர்களுக்குக் கிடைத்தது. கூல்டு விண்ணப்பித்தது 1959-இல். அப்புறம் வழக்கு, மேல்முறையீடு, மறுபடி வழக்கு. முதல் முக்கியமான லேசர் காப்புரிமை அவர் கைக்கு வந்தது 1977 அக்டோபரில். இதில் ஒரு கோணல் பாருங்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில் காப்புரிமை, வழங்கிய நாளிலிருந்து 17 வருடம். தாமதமாக வந்ததால் லேசர் தொழில் கொழுத்த பிறகு கூல்டுக்கு உரிமை கிடைத்தது. பணம் கொட்டியது.

உங்களுக்கு அந்த அதிர்ஷ்டமும் வராது. யார் முதலில் கண்டுபிடித்தார் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்காவும் 2013 மார்ச் 16 முதல், யார் முதலில் விண்ணப்பித்தார் என்று மாறிவிட்டது. நோட்டை மூடுங்கள், விண்ணப்பத்தைத் திறங்கள். அதற்கு முன் அந்தச் சென்சாரைக் கண்காட்சியில் வைக்காதீர்கள், காணொளி போடாதீர்கள். நீங்களே ஊருக்குச் சொல்லிவிட்டாலும் அது ‘ஏற்கெனவே தெரிந்த விஷயம்’ ஆகிவிடும். அமெரிக்காவும் ஜப்பானும் ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பா அநேகமாகப் பொறுக்காது.

கேள்வி: ஒரே ஒரு வார்த்தையால் காப்புரிமை கைவிட்டுப் போகும் என்று எங்கள் வக்கீல் பயமுறுத்துகிறார். கட்டணத்தை ஏற்றத்தானே?

பதில்: கட்டணத்தைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன், எனக்கும் அதுதான் சோறு. ஆனால் அவர் சொல்வது உண்மை.

என் மூன்றாவது வருடம். காது பார்க்கும் விளக்குக் கருவி ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதினேன். அதன் முனையை ஒரே கையால் கழற்றி மாட்டலாம், அதுதான் புதுமை. உரிமைக்கோரலில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியில், ‘ஸ்பிரிங்கால் பிடித்து நிறுத்தப்படும் முனை’ என்று எழுதினேன். ஏனென்றால் என் மேஜை மேல் கிடந்த மாதிரியில் ஸ்பிரிங் இருந்தது. காப்புரிமை கிடைத்தது, எல்லோரும் கை குலுக்கினோம். ஒன்றரை வருடத்தில் போட்டிக் கம்பெனி அதே கருவியை விற்றது, ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு சின்னக் காந்தம். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கண்டுபிடித்தவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நான் கண்டுபிடிச்சது ஸ்பிரிங்கையா சார்?” இன்றைக்கும் ‘ஸ்பிரிங்’ என்று எழுதும்போது கை ஒரு நொடி நிற்கும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. மின்னணுச் சில்லு என்று இன்று சொல்கிறோமே, ஒருங்கிணைந்த மின்சுற்று, அதற்கு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஜாக் கில்பி 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார். ஃபேர்சைல்டின் ராபர்ட் நாய்ஸ் ஜூலையில். ஐந்து மாதம் முந்தியவர் கில்பி. ஆனால் அவர் கொடுத்த படத்தில் பாகங்களை இணைக்கும் தங்கக் கம்பிகள் வில் போல வளைந்து காற்றில் நிற்கின்றன. அப்படிக் கம்பி கட்டிக்கொண்டிருந்தால் ஆயிரக்கணக்கில் சில்லு செய்ய முடியாது. கில்பிக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். மின்கடத்தியை மின்கடத்தாப் பூச்சின் மேல் ‘இடலாம்’ என்ற பொருளில் ஒரு பத்தியும் சேர்த்திருந்தார். நாய்ஸோ ஆக்சைடு பூச்சின் மேல் ‘ஒட்டியிருக்கும்’ உலோகக் கோடு என்று எழுதியிருந்தார். இட்டது எல்லாம் ஒட்டியது ஆகுமா? வருடக்கணக்கில் இதுதான் வழக்கு. 1967-இல் காப்புரிமை அலுவலகத்தின் தீர்ப்பாயம் கில்பி பக்கம் நின்றது. 1969-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘ஆகாது’ என்று நாய்ஸ் பக்கம் சாய்ந்தது. அதற்குள் இரண்டு நிறுவனங்களும் 1966-லேயே சமாதானமாகி, ஒருவர் உரிமையை மற்றவர் பயன்படுத்திக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருந்தன. கில்பிக்கு 2000-இல் நோபல் பரிசு வந்தது. நாய்ஸ் 1990-லேயே இறந்துவிட்டார்.

ஆகவே வக்கீல் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள்.

கேள்வி: எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் கத்தி வைத்த விதத்துக்குக்கூட யாருக்காவது காப்புரிமை இருக்குமா?

பதில்: ஒருவர் வாங்கிப் பார்த்தார். சாமுவேல் பாலின் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், தையல் போடாமலே மூடிக்கொள்ளும்படி தலைகீழ் ‘V’ வடிவில் கீறும் முறைக்கு 1992-இல் காப்புரிமை பெற்று, இன்னொரு மருத்துவர் மேல் வழக்கும் போட்டார். மருத்துவ உலகம் கொதித்துவிட்டது. 1996-இல் வழக்கு அவருக்குப் பாதகமாக முடிந்தது. அதே ஆண்டு, அறுவை சிகிச்சை செய்ததற்காக ஒரு மருத்துவர் மேல் காப்புரிமை வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்க முடியாதபடி அமெரிக்கா சட்டத்தை மாற்றியது. பல நாடுகளில் சிகிச்சை முறைக்குக் காப்புரிமையே கிடையாது. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

கருவி என்றால் கதை வேறு. பட்ரீசியா பாத் 1986-இல் விண்ணப்பித்து 1988 மே மாதம் காப்புரிமை பெற்றது கண்புரையை லேசரால் கரைக்கும் ஒரு கருவிக்கு. மெல்லிய முனை ஒன்று. அதற்குள்ளேயே லேசரைக் கொண்டுவரும் ஒளியிழை, நீர் பாய்ச்ச ஒரு வழி, சிதைந்த புரையை உறிஞ்ச ஒரு வழி. அமெரிக்காவில் மருத்துவக் கருவிக்குக் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பினப் பெண் மருத்துவர் அவர்தான்.

கேள்வி: தற்செயலாகக் கண்டுபிடித்தால் காப்புரிமை தருவார்களா? உழைக்காமல் வந்தது என்று மறுப்பார்களா?

பதில்: எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. புதிதா, துறைக்காரருக்கு எளிதில் தோன்றாததா, பயன் உண்டா, இவ்வளவுதான். வில்சன் கிரேட்பேட்ச் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1950-களில் இதய ஒலியைப் பதிவு செய்யும் மின்சுற்று ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் கையை விட்டு 10 கிலோ ஓம் மின்தடையை எடுப்பதற்குப் பதில் 1 மெகா ஓமை எடுத்துவிட்டார். மின்தடையின் அளவை அதன் மேலுள்ள வண்ணப் பட்டைகள்தான் சொல்லும். முதல் இரண்டு பட்டையும் இரண்டுக்கும் ஒன்றுதான், பழுப்பு, கறுப்பு. மூன்றாவது பட்டை ஆரஞ்சா பச்சையா என்பதுதான் வித்தியாசம். சுற்று 1.8 மில்லிநொடி துடித்தது, ஒரு நொடி சும்மா இருந்தது, மறுபடி துடித்தது. இதயம் துடிப்பது மாதிரியே இருக்கிறதே என்று அவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. உடலுக்குள் வைத்து இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கருக்கு 1962 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது. தற்செயல் அந்த மின்தடையோடு சரி. மீதியெல்லாம் பிசின் ஊற்றி மூடுவதும், நாய்க்குள் வைத்துப் பார்ப்பதும், மறுபடி திறப்பதுமாக வருடங்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஏதாவது கண்டுபிடித்திருக்கிறீர்களா?

பதில்: ஒரே ஒரு தடவை. மூக்குக் கண்ணாடிக் காது கம்பிக்குத் தளராத ஒரு கீல். நாலு இரவு உட்கார்ந்து படம் வரைந்தேன். ஐந்தாவது இரவு, தொழில் தர்மம் என்று பழைய காப்புரிமைகளைத் தேடினேன். இரண்டு மணி நேரத்தில் அதே கீல் படத்தோடு கிடைத்தது. என்னுடையதைவிட அதில் ஒரு திருகு குறைவு.