நான் வக்கீல் இல்லையே, தூக்குத் தண்டனை வழக்கில் எனக்கு என்ன வேலை?

கேள்வி: சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு மனநலக் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட ஏழைக் கைதிகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் ஒரு குழுவில் 'மிட்டிகேஷன் இன்வெஸ்டிகேட்டர்' வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கைதியையும் குடும்பத்தையும் பார்த்துப் பேசி, தண்டனையைக் குறைக்க உதவும்படி அவருடைய வாழ்க்கையைப் பற்றி அறிக்கை எழுத வேண்டுமாம். வீட்டில் ஒரே சண்டை. "குழந்தையைக் கொன்றவன் கஷ்டப்பட்டு வளர்ந்தான் என்று சர்டிபிகேட் வாங்கப் போகிறாயா?" என்கிறார் அப்பா. எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. வாதாடப் போவது வக்கீல்கள். நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் நிற்கத்தான் போகிறேனா? அந்தக் கைதியின் அம்மா முகத்தைப் பார்த்து என்ன பேசுவது? போகலாமா, வேண்டாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் உங்கள் சந்தேகத்தைப் பார்ப்போம், அப்பாவிடம் அப்புறம் வரலாம்.

கொலை வழக்கு விசாரணையில் இரண்டு கட்டம் உண்டு. இவர் செய்தாரா இல்லையா என்பது ஒன்று. செய்தார் என்று முடிவானால் என்ன தண்டனை என்பது அடுத்தது. இரண்டாவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பல விசாரணை நீதிமன்றங்களில் என்ன நடக்கும் தெரியுமா? காலையில் குற்றவாளி என்று தீர்ப்பு வரும், மதியம் வக்கீல் எழுந்து "வயது குறைவு, கல்யாணம் ஆகிவிட்டது, இரண்டு குழந்தைகள், வயதான தாயார், இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை, கருணை காட்ட வேண்டும்" என்பார். மூன்று வரி. நீதிபதி அந்த மூன்று வரியையும் எழுதிக்கொண்டு, குற்றத்தின் கொடூரத்தைப் பார்க்கும்போது இதெல்லாம் போதாது என்று தூக்கு எழுதிவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை, அவர் முன்னால் வேறு எதையும் யாரும் வைக்கவே இல்லையே.

1980இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 'அரிதினும் அரிதான' வழக்கில்தான் தூக்கு என்று சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே தீர்ப்பு, குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றம் செய்த ஆளையும் பார்க்க வேண்டும், அவர் திருந்தவே மாட்டார் என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்றும் சொன்னது. அந்தப் பாதியை நாற்பது வருடமாகப் பெரும்பாலும் மறந்தே போனார்கள். 2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச மாநிலம் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது: கைதியின் குடும்பப் பின்னணி, படிப்பு, மனநலம், சிறையில் நடத்தை எல்லாம் பற்றிய தகவலை விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே கேட்டு வாங்க வேண்டும் என்று.

சரி, கேட்டு வாங்க வேண்டும் என்றால் யார் கொண்டுவருவது? கேஸ் கட்டுக்குள் அது இருக்காது. கட்டு முழுக்கக் குற்றம் நடந்த அந்த ஒரு நாள்தான் இருக்கும். மீதி இருபத்தைந்து, முப்பது வருடத்தைத் தேடி எடுப்பவர் நீங்கள். வக்கீல் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கையில் இருப்பதை வைத்துத்தான் பேச முடியும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1994இல் புனேயில் ஒரு வீட்டில் ஏழு பேர் கொல்லப்பட்டார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. ராஜஸ்தானிலிருந்து வந்த ஒருவருக்கு 1998இல் தூக்கு விதித்தார்கள், உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கில் அவருக்கு ஒரு பெயர். அவர் சிறுவயதில் படித்த கிராமத்துப் பள்ளியின் பதிவேட்டில் கொஞ்சம் மாறிய இன்னொரு பெயர், கூடவே பிறந்த தேதி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிறுவிய பிறகு கணக்குப் போட்டால், சம்பவம் நடந்த அன்று அவருக்கு வயது பன்னிரண்டரை. சிறுவன். சிறார் சட்டப்படி அவருக்குத் தூக்கு என்ன, பெரியவர்களுக்கான சிறைத் தண்டனையே கொடுத்திருக்க முடியாது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது இருபத்தெட்டு வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து முடித்திருந்தார். அந்தப் பதிவேடு அத்தனை வருடமும் அந்தப் பள்ளியில்தான் இருந்தது. இந்த மாதிரிக் காகிதத்தைத் தேடிப் போவதுதான் உங்கள் வேலையில் பாதி. பின்னால் நிற்பதா என்று கேட்டீர்களே!

இந்த வேலை ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது அமெரிக்காவில். ஒவ்வொரு மரண தண்டனை வழக்கிலும் குறைந்தது இரண்டு வக்கீல், ஒரு விசாரணையாளர், ஒரு மிட்டிகேஷன் நிபுணர் இருக்க வேண்டும் என்று அந்நாட்டு வழக்கறிஞர் சங்கத்தின் 2003ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. அதே வருடம் அங்கே உச்ச நீதிமன்றம் விக்கின்ஸ் என்பவரின் மரண தண்டனையை ரத்து செய்தது. குழந்தையாக அவரையும் உடன்பிறந்தவர்களையும் தாய் நாள்கணக்கில் சாப்பாடில்லாமல் தனியாக விட்டுப் போயிருக்கிறார், அப்புறம் வளர்ப்பு வீடுகளிலும் கொடுமை. அவருடைய வக்கீல்கள் இதை நடுவர் குழுவிடம் சொல்லவே இல்லை. ஒரு சமூகப்பணியாளரை வைத்து வாழ்க்கை வரலாற்று அறிக்கை தயாரிக்கப் பணம் கிடைக்க வழி இருந்தும் அவர்கள் கேட்கவில்லை. அதாவது, உங்களைப் போல ஒருவரை நியமிக்காமல் விட்டது வக்கீலின் தவறு என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து அங்கேயே ரோம்பில்லா என்பவரின் வழக்கில், கைதியின் பழைய வழக்குக் கோப்பு விசாரணை நடந்த அதே நீதிமன்றக் கட்டடத்தில்தான் இருந்தது, வக்கீல்கள் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அதற்குள் அவருடைய சிறுவயது, மனநலம் பற்றிய விவரமெல்லாம் இருந்தது.

இப்போது வேலையின் இன்னொரு பாதி, பேச்சு. மனநலக் காப்பகத்தில் மூன்று வருடம் இருந்த உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதல் சந்திப்பில் எந்தத் தாயும் "நல்ல பையன்தான்" என்பதைத் தாண்டிச் சொல்லமாட்டார். அப்பா குடித்துவிட்டு அடித்தது, பையனைப் பத்து வயதில் கடனுக்கு வேலைக்கு அனுப்பியது, வீட்டில் ஒருவர் தூக்குப் போட்டுக்கொண்டது, இதெல்லாம் மூன்றாம் நான்காம் சந்திப்பில்தான் வரும், அதுவும் நீங்கள் கிளம்பச் செருப்பு மாட்டும்போது. "சின்ன வயசில் ஒரு தடவை மாடியிலிருந்து விழுந்தான், ரெண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை, அப்புறம் சரியாகிட்டான்" என்று ஒரு அக்கா போகிற போக்கில் சொல்வார். அவசரத்தில் இருக்கும் வக்கீல் காதில் 'சரியாகிட்டான்' விழும். உங்கள் காதில் 'ரெண்டு நாள்' விழ வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, சீட்டு இருக்கிறதா, அதற்குப் பிறகு வலிப்பு வந்ததா, பள்ளியில் பின்தங்கியது அந்த வருடமா என்று அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு மேல் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

சிறைக்குள் நடந்ததையும் விடாதீர்கள். அங்கே படித்த சான்றிதழ், செய்த வேலை, வார்டர் ஒருவர் தரும் நல்ல வார்த்தை எல்லாம் திருந்த வாய்ப்புண்டா என்ற கேள்விக்கு நேரடிப் பதில்.

அப்பாவுக்கு வருவோம். அவர் கோபத்தைக் கேலி செய்யாதீர்கள். செத்த குழந்தைக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுப் பக்கம் நின்று அவர் பேசுகிறார், அதில் தப்பில்லை. ஆனால் இரண்டு விஷயம் அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. இந்த அறிக்கை ஆளை வெளியே விடச் சொல்வதில்லை. தூக்கா, ஆயுளா என்பதுதான் அங்கே கேள்வி, ஆயுள் என்றால் இப்போதெல்லாம் பல வழக்குகளில் மேல் நீதிமன்றங்கள் இருபத்தைந்து, முப்பது வருடம் விடுவிக்கக் கூடாது என்று சேர்த்தே எழுதுகிறார்கள். இரண்டாவது, 'கொன்றவன்' என்று நாம் நினைக்கும் எல்லாரும் கொன்றவர்கள் இல்லை. மகாராஷ்டிராவில் 2003இல் நடந்த ஒரு கூட்டுக்கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகளைப் பிடித்தார்கள். 2009இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது, அதில் மூன்று பேருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததைக்கூட மாற்றி. 2019இல் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. உயிர் பிழைத்த சாட்சி போலீஸ் காட்டிய போட்டோக்களில் வேறு ஆட்களை அடையாளம் காட்டியிருந்தும் அதை விட்டுவிட்டார்கள். பதினாறு வருடம் போயிற்று. செத்தவர்கள் வீட்டுக்கும் இதில் நியாயம் கிடைக்கவில்லையே, அதையும் அப்பாவிடம் கேளுங்கள்.

இந்த மாதிரி ஆட்கள் மாட்டிக்கொள்வது ஏன் என்பதும் ரகசியமில்லை. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் தூக்குத் தண்டனைக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். காவலில் இருக்கும் யாருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, வக்கீலும் கிடைப்பார். எப்படிக் கிடைப்பார் என்பதுதான் சிக்கல். மத்தியப் பிரதேசத்தில் 2013இல் ஒரு வழக்கில் சட்ட உதவி வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டைப் பதிவு செய்து, சில வாரங்களுக்குள் தூக்கும் விதித்துவிட்டார்கள். 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, இப்படிப்பட்ட வழக்குக்குப் பத்து வருட அனுபவமாவது உள்ளவரை நியமியுங்கள், தயாராகக் குறைந்தது ஏழு நாளாவது கொடுங்கள் என்றது. ஏழு நாள்! அதைக்கூட உத்தரவு போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தாயிடம் என்ன பேசுவது என்று கேட்டீர்கள். "விட்டுடுவாங்களாம்மா?" என்று நிச்சயம் கேட்பார். "கவலைப்படாதீங்க, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வாய்தாவுக்கு வாய்தா எல்லாரும் அவரிடம் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறார்கள். "அது எனக்குத் தெரியாதும்மா. அடுத்த தேதி இது. அன்றைக்கு இன்னது நடக்கும். முடிந்ததும் நானே போன் பண்ணுகிறேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் பண்ணுங்கள். தீர்ப்பு மோசமாக வந்த அன்றைக்கும் பண்ணுங்கள், டிவியைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கைதியிடமும் அப்படித்தான். இன்னொன்று, அவர் சொல்வதை வார்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சந்திப்பால் பயனில்லை. தனியாகப் பேச அனுமதி கேட்டு நீதிமன்ற உத்தரவு வாங்குவார்களா என்று உங்களைக் கூப்பிட்டவர்களிடம் கேளுங்கள். உங்கள் நியமனம் வக்கீலின் கீழ் என்று எழுத்தில் இருக்க வேண்டும். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்ல வைக்கக் கூடாது என்ற பாதுகாப்பு வக்கீலின் ஊழியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு, யார் கீழ் வேலை பார்க்கிறீர்கள் என்பதே தெளிவில்லாவிட்டால் அது வீண் வம்பில் முடியும். கேட்டதை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், தோழிக்குக்கூட. அறிக்கையில் எது போக வேண்டும் என்று முடிவெடுப்பது வக்கீல், ஏனென்றால் தாக்கல் செய்தால் அரசுத் தரப்பும் படிக்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை வழக்கு தருவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். "நிறைய வரும், பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ஒரு ஆளின் வாழ்க்கையைத் தோண்ட மாதக்கணக்கில் ஆகும். உங்கள் அறிக்கையைப் படித்துத் திருத்தும் மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா, மனசு கனத்துப்போனால் பேச ஆள் இருக்கிறதா, பயணச் செலவு யார் பொறுப்பு, சம்பளம் எத்தனாம் தேதி, எல்லாம் கேளுங்கள். சேவை செய்யும் இடத்தில் சம்பளம் பேசக் கூச்சப்படுபவர்கள்தான் ஆறு மாதத்தில் ஓடிப்போகிறார்கள்.

ஓடிப்போவது இங்கே சின்ன விஷயமில்லை. விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும், பிறகு உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு, ஆளுநர், குடியரசுத் தலைவர், கருணை மனு நிராகரித்தாலும் தூக்குக்கு முன் பதினான்கு நாள் அவகாசம். வருடக்கணக்கில் போகும். நீங்கள் நடுவில் கிளம்பினால் அடுத்து வருபவரிடம் அந்த அக்கா, தம்பி மாடியிலிருந்து விழுந்த கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், சொல்லாமலே விட்டுவிடவும் கூடும். கல்யாணம், வெளிநாடு என்று ஏதாவது திட்டம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போகலாமா என்றால், போகலாம் என்றுதான் சொல்வேன். அதற்கு முன் ஒரு வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டு, ஏற்கனவே நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பழைய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துத் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முழுக்கப் படியுங்கள், அந்தக் கொலையைப் பற்றிய பக்கங்களையும் தாண்டாமல் படியுங்கள். படித்து முடித்த பிறகு, "இவருடைய ஏழாம் வகுப்பு வருடத்தைப் பற்றி ஏன் ஒன்றுமே இல்லை?" என்று உங்களுக்குத் தோன்றினால் மறுநாளே சேர்ந்துவிடுங்கள்.