நாக்கில் கட்டி: இரண்டு ரிப்போர்ட்டுகளில் எதை நம்புவது?

கேள்வி: என் வயது 43. நாக்கின் ஓரத்தில் ஓராண்டாகப் பட்டாணி அளவில் வலியில்லாத கட்டி இருக்கிறது. முதல் பயாப்சியில் ‘புற்றுநோயாக இருக்கலாம்’ என்றார்கள். வேறு மருத்துவமனையில் ஆழமாகச் சதை எடுத்துப் பார்த்துவிட்டு ‘கிரானுலர் செல் கட்டி, புற்றுநோய் அல்ல’ என்கிறார்கள். இணையத்தில் படிக்கப் படிக்கத் தூக்கம் போய்விட்டது. கட்டி கரையட்டும் என்று கிராம்பு எண்ணெயும் படிகாரமும் தடவுகிறேன். மேல்கையிலும் ஓர் உருண்டை தட்டுப்படுகிறது. என் மகளுக்கும் இது வருமா?

பதில்: கிராம்பு எண்ணெயையும் படிகாரத்தையும் இன்றே நிறுத்துங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது ரிப்போர்ட்தான் நம்பத் தகுந்தது. இந்தக் கட்டி நாக்கின் மேல்தோலுக்கு அடியில் இருக்கிறது. அதன் மேலுள்ள தோல் பல சமயம் தடித்து, விரல்கள் போலக் கீழ்நோக்கி இறங்கும். மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த துணுக்கில் அந்தத் தோல் மட்டுமே வந்தால், மைக்ராஸ்கோப்பில் அது புற்றுநோயைப் போலவே தெரியும். ஆழமாக எடுத்தால்தான் துகள்கள் நிறைந்த பெரிய செல்கள் கண்ணில் படும். தவறாகப் படித்ததால் தேவையற்ற பெரிய அறுவைக்கு ஆளானவர்கள் உண்டு. ஆகவே இரண்டு பயாப்சிகளின் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, வாய்ப்புற்று பார்த்துப் பழகிய ஒரே நோயியல் நிபுணரிடம் கொடுங்கள். எஸ்-100 என்ற சாயப் பரிசோதனை செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்களிலிருந்து இந்தக் கட்டி வருவதால், அச்சாயம் இதில் பிடிக்கும். 1926இல் இதை விவரித்த ரஷ்ய நோயியலாளர் அப்ரிகோசோவ், நாக்கின் தசையிலிருந்து பிறப்பதாகவே நினைத்தார். நரம்புறையைச் சேர்ந்தது என்பது பின்னால்தான் தெளிவானது.

நூற்றில் ஒன்றிரண்டு கிரானுலர் செல் கட்டிகள் புற்றுத்தன்மை கொண்டவை. இணையம் உங்களுக்குக் காட்டியது அந்த ஒன்றிரண்டைத்தான். அவற்றைக் காட்டிக்கொடுப்பது வளர்ச்சியின் வேகம். சாதாரணக் கட்டி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும். பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. சில வாரங்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி பெருத்தால், அதன் மேல்தோல் உடைந்து புண்ணானால், கழுத்தில் கெட்டியாக நெறி கட்டினால், குறித்த தேதிக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கிராம்பு எண்ணெய் வேண்டாம் என்றது இதற்காகத்தான். அது நாக்கைச் சுட்டுப் புண்ணாக்கும். நாங்கள் எந்த அடையாளத்தைத் தேடுகிறோமோ அதை நீங்களே உண்டாக்கிவிட்டால், நோயின் புண் எது, எண்ணெயின் புண் எது என்று எப்படிப் பிரித்தறிவது? இந்தக் கட்டியைக் கரைக்கும் எண்ணெயோ பொடியோ மாத்திரையோ கிடையாது.

கைக்கட்டி பரவி வந்ததாக அஞ்ச வேண்டாம். இந்தக் கட்டி உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தோன்றும், தோலிலும் வரும். அது வெறும் கொழுப்புக் கட்டியாகவும் இருக்கலாம். அறுவை மருத்துவர் அதையும் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். மகளைப் பற்றிய கவலையை விடுங்கள். இது பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை.

நோய் உறுதியானதும் கட்டியை அகற்றிவிடுவதே நல்லது. உங்களுடைய அளவுக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து எடுத்துவிடலாம். சில தையல்கள் போதும். கதிர்வீச்சோ கீமோவோ தேவையில்லை. இந்தக் கட்டிக்கு உறை கிடையாது, சுற்றியுள்ள சதைக்குள் ஊடுருவி நிற்கும். அதனால் கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்து எடுப்பார்கள். எடுத்த சதையின் ரிப்போர்ட் வந்ததும், ஓரங்களில் கட்டி மிச்சமில்லை என்று அதில் எழுதியிருக்கிறதா எனக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிச்சமிருந்தால் திரும்ப வளரக்கூடும். முழுமையாக எடுத்துவிட்டால் அது அபூர்வம்.