தள்ளுபடி 21,000, வட்டி 44,000: சகலையைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 41. சம்பளம் கைக்கு 58,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவெல்லாம் போக 9,000 மிஞ்சும். எங்களுக்கு ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடுவதில் ஆசை அதிகம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என் சகலை குடும்பமும் நாங்களும், மொத்தம் எட்டுப் பேர், மதுரை, காரைக்குடி, கொச்சி, மைசூர் என்று கிளம்பிவிடுவோம். உணவகத் தள்ளுபடி என் கிரெடிட் கார்டில்தான் இருப்பதால் எல்லாவற்றையும் நானே தேய்ப்பேன். ஒரு பயணத்துக்கு 14,000 ஆகும். சகலை தன் பாதியை ஜிபேயில் அனுப்பிவிடுவார், ஆனால் தாமதமாக. இப்போதும் 6,400 பாக்கி. கேட்டால் மனைவிக்குச் சங்கடம். கடந்த வருடம் தள்ளுபடியில் மட்டும் 21,000 மிச்சம் என்று செயலி காட்டுகிறது. ஆனாலும் கார்டு பாக்கி ஒரு வருடமாக 90,000 பக்கத்திலேயே நிற்கிறது. மாதாமாதம் மினிமம் டியூ (கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டுகிறேன். போனஸ் வந்தால் பத்தாயிரம் கட்டுவேன், அடுத்த பயணத்தில் மறுபடி ஏறிவிடும். மகளின் படிப்புக்காக 1,50,000 வைப்புநிதி இருக்கிறது, அதைத் தொடவில்லை. அவள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. உணவகங்களில் 25 சதவீதம் தள்ளுபடி தரும் மூன்றாவது கார்டு வாங்கலாமா? அல்லது ஒரு நட்சத்திர ஹோட்டலின் 12,000 ரூபாய் உறுப்பினர் திட்டத்தில் சேரலாமா? அதன் விளம்பரத் தாளை இணைத்திருக்கிறேன்.

பதில்: இரண்டும் வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சகலை தாமதமாகத் தருவதை இத்தனை வரி எழுதிய நீங்கள், மினிமம் டியூ கட்டுவதை ஒரு நல்ல பழக்கம் போல ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நோய் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கார்டின் வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலான கார்டுகளில் மாதத்துக்கு 3 முதல் 3.75 சதவீதம் வரை இருக்கும். 3.5 என்றே வைத்துக்கொள்வோம். 90,000 ரூபாய்க்கு மாத வட்டி 3,150. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, அது 567. ஆக மாதம் 3,717. வருடத்துக்கு ஏறக்குறைய 44,600. செயலி உங்களுக்குக் காட்டும் 21,000 மிச்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மினிமம் டியூ பொதுவாகப் பாக்கியில் 5 சதவீதம், அதாவது 4,500. அதில் வட்டியும் வரியும் போக அசலில் குறைவது 800 ரூபாய்கூட இல்லை. அதனால்தான் பாக்கி நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முழுப் பாக்கியையும் கட்டாதவருக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது. நீங்கள் காரைக்குடியில் மதியம் தேய்த்த பில்லுக்கு அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். 3,000 ரூபாய் பில்லில் 500 தள்ளுபடி கிடைத்து 2,500 தேய்த்தீர்கள் என்றால், அதற்கு வரியோடு சேர்த்து மாதம் 103 ரூபாய் வட்டி. ஐந்தே மாதத்தில் அந்த 500 வங்கிக்கே திரும்பிப் போய்விடுகிறது. நீங்களோ ஒரு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

சரி, சகலை விஷயத்துக்கு வருவோம். ஒரு பயணத்துக்கு 14,000, வருடத்துக்கு ஆறு பயணம். அவருடைய பாதி 42,000. இன்னும் தரவேண்டிய 6,400ஐக் கழித்தாலும் 35,000க்கு மேல் உங்கள் கைக்கு வந்துசேர்ந்திருக்கிறது. அது எங்கே? ஜிபேயில் வந்து உங்கள் சம்பளக் கணக்கில் விழுந்தது. அங்கே அது பெட்ரோலாகவும், மளிகையாகவும், திரும்பி வரும் வழியில் வாங்கிய சாமான்களாகவும் செலவாகிவிட்டது. கார்டில் எட்டுப் பேர் சாப்பிட்ட பில் அப்படியே நின்றது, அதில் ஐந்து சதவீதம்தான் கட்டினீர்கள். சகலைக்கு நீங்கள் கடன் கொடுத்திருப்பதாக நினைக்கிறீர்கள். நடந்தது வேறு: அவர் சாப்பிட்டதற்கு அவர் பணம் கொடுத்துவிட்டார், அந்தப் பணத்தை நீங்கள் வருடத்துக்கு 40 சதவீதத்துக்கும் மேலான வட்டியில் கடனாக வைத்துச் செலவழித்திருக்கிறீர்கள். இப்படி ஒருவர் தேய்த்து மற்றவர்கள் பங்கு தரும் ஏற்பாட்டில் நான் பார்த்த பல குடும்பங்களில் இதே ஓட்டைதான். பங்கு தராதவரால் வரும் நஷ்டம் சிறியது, அது கண்ணில் படும். தந்த பங்கு கார்டுக்குப் போகாமல் நிற்பதால் வரும் நஷ்டம் பெரியது, அதை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் இந்த 90,000ஐ முடிக்க வேண்டும். வைப்புநிதியைத் தொடவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் ஆறேழு சதவீதம் சம்பாதிக்கும் பணத்தைப் பூட்டிவைத்துவிட்டு நாற்பதுக்கு மேல் வட்டி கட்டினால் நஷ்டம் மகளின் படிப்புக்கும் சேர்த்துத்தான். அதை உடைக்கவும் வேண்டாம். அதே வங்கியில் வைப்புநிதியின் மேல் கடன் கேளுங்கள். வைப்புநிதிக்குத் தரும் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாகப் போடுவார்கள், பெரும்பாலும் நூறு கேள்வி கேட்க மாட்டார்கள். எட்டரை சதவீதம் என்றால் 90,000க்கு மாதம் 640 ரூபாய் அளவில் வட்டி. கார்டில் இப்போது போவது 3,717. மாதம் மிஞ்சும் 9,000ஐ அப்படியே இதில் போட்டால் பத்து, பதினொரு மாதத்தில் கடன் தீரும். மொத்த வட்டி 3,500 ரூபாய் பக்கம்தான் வரும். வைப்புநிதி வைத்த இடத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். கார்டுப் பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தருகிறோம் என்று வங்கியிலிருந்து போன் வரலாம். அதன் வட்டி கார்டு வட்டியைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் எட்டரைக்கு வராது. மேலே கட்டணமும் வரியும் உண்டு. மறுத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 90,000ஐக் கட்டிய அடுத்த மாத அறிக்கையிலும் சில நூறோ ஆயிரமோ வட்டி வந்து நிற்கும். போன அறிக்கை வந்த தேதியிலிருந்து நீங்கள் கட்டிய தேதி வரைக்குமான வட்டி அது. கணக்குத் தவறு என்று விட்டுவிடாதீர்கள். அதையும் முழுதாகக் கட்டினால்தான் வட்டியில்லா நாட்கள் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

மூன்றாவது கார்டு வேண்டாம் என்றதற்கு இந்த வட்டிக் கணக்கே பாதிக் காரணம். மீதி, இந்தத் தள்ளுபடிகள் செய்யப்பட்ட விதம். 25 சதவீதம் என்று பெரிதாகப் போட்டு, அதிகபட்சம் 500 என்று கீழே சின்னதாகப் போட்டிருப்பார்கள். குறைந்தபட்ச பில் 3,000 இருக்க வேண்டும். பல சலுகைகள் சனி ஞாயிறிலும் பண்டிகை நாளிலும் செல்லாது. உங்களைப் போன்ற சம்பளக்காரர் வேறு எந்த நாளில் ஊருக்குப் போவார்? பில் 2,640 வந்த மேசையில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வயிறு நிறைந்துவிட்டது. ஆனாலும் 3,000ஐத் தொட வேண்டும் என்று 380 ரூபாய்க்கு இன்னும் இரண்டு ஐஸ்கிரீம். 3,020 ஆனதும் 500 கழித்து 2,520. செயலி 500 மிச்சம் என்று எழுதிக்கொள்ளும். உங்கள் பையில் மிஞ்சியது 120. உங்கள் 21,000இல் இப்படிப்பட்ட 500கள் எத்தனை என்று பழைய பில்களை எடுத்துப் பாருங்கள்.

ஹோட்டல் உறுப்பினர் திட்டம் இதைவிட மோசம். நீங்கள் அனுப்பிய தாளிலேயே இருக்கிறது: இருவர் சாப்பிட்டால் 50 சதவீதம், ஆள் கூடக் கூடக் குறைந்து எட்டுப் பேருக்கு 20. கட்டணத்தின் மேல் வரி சேர்த்தால் 14,160. அதோடு, அறை வாடகை நாளுக்கு 7,500ஐத் தாண்டும் ஹோட்டல்களில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சாதாரண உணவகங்களில் 5தான். எட்டுப் பேருக்கு 12,000 பில் என்றால் தள்ளுபடி 2,400, வரியோடு நீங்கள் தருவது 11,300க்கு மேல். கட்டிய 14,160ஐத் தள்ளுபடியாக மீட்க ஆறு முறை சாப்பிட வேண்டும். அந்த ஆறு சாப்பாட்டுக்கு 68,000 ஆகும். இலவச இரவு, இலவச கேக் என்று கூப்பன் கட்டு தருவார்கள், அதற்காக ஒருவரும் சேரக் கூடாது.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறு. நீங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்காகத்தான் கிளம்புகிறீர்கள். ஆனால் கூப்பன் உங்களை அந்த ஊரின் எந்த இடத்துக்குக் கூட்டிப்போகிறது? மாலுக்குள் இருக்கும் உணவகத்துக்கு, ஈரோட்டிலும் கிடைக்கும் அதே பன்னீர் டிக்காவுக்கு. விருதுநகரில் கல்லைச் சுற்றி எண்ணெய் நிற்க, அதில் முறுகப் பொரியும் எண்ணெய்ப் பரோட்டாவை நீங்கள் எந்தத் தள்ளுபடிப் பட்டியலிலும் பார்க்க முடியாது. நெல்லையப்பர் கோயில் எதிரே மாலையில் வரிசையில் நின்று வாங்கி, சூடு ஆறுவதற்குள் அங்கேயே நின்று தின்னும் அல்வாவுக்கு கூப்பன் கிடையாது. மதுரையின் கறி தோசை, கும்பகோணத்து இட்லியோடு வரும் கடப்பா, திண்டுக்கல்லின் சீரகச் சம்பா பிரியாணி, எல்லாமே அந்தந்த ஊரில் சாதாரணக் கடைகளில் கிடைப்பவை. கோவில்பட்டி கடலைமிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் புவிசார் குறியீடு பெற்றவை, அவற்றை ஒரு பொட்டலம் வாங்க யாரும் கார்டு கேட்பதில்லை. தள்ளுபடி போக ஆளுக்கு 600 ரூபாய் கொடுக்கும் இடத்தை விட்டு இந்தக் கடைகளுக்குப் போனால், தள்ளுபடியே இல்லாமல் பாதிக்கும் குறைவாக முடியும். அப்புறம் நீங்கள் தேடிப்போனதும் கிடைக்கும்.

அதனால் பயணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. கடன் தீரும்வரை இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதை நான்கு மாதத்துக்கு ஒன்றாக்குங்கள், கார்டை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். செலவை யுபிஐயில் இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு வேளை என்று மாற்றி மாற்றித் தாருங்கள். காலைச் சாப்பாடு அவர், மதியம் நீங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், இருக்கட்டும். உணவக பில்லில் சேவைக் கட்டணம் என்று பத்து சதவீதம் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அது கட்டாயமல்ல என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2025இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம்.

சகலையின் 6,400ஐ மனைவி வழியாகக் கேட்காதீர்கள். நீங்களே அவரிடம் பேசுங்கள். கார்டுக் கடனை அடைக்கிறேன், இந்த மாதம் தந்தால் உதவியாக இருக்கும் என்று உள்ளதைச் சொல்லுங்கள். வந்ததும் அன்றே வைப்புநிதிக் கடனில் கட்டுங்கள். கடன் தீர்ந்த பிறகு கார்டை மறுபடி எடுத்தால், அவர் பங்கு ஜிபேயில் வந்த நிமிடமே உங்கள் பங்கையும் சேர்த்துக் கார்டுக்குக் கட்டிவிடுங்கள். அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கார்டுக்கு எந்த நாளிலும் பணம் கட்டலாம்.

கடைசியாக, இன்றிரவே வங்கிச் செயலியில் கார்டுப் பகுதியைத் திறந்து, மாதாமாதம் தானாகப் பணம் கழியும் ஏற்பாடு எதில் இருக்கிறது என்று பாருங்கள். மினிமம் டியூ என்று இருந்தால், வைப்புநிதிக் கடன் கைக்கு வந்து கார்டை அடைக்கும் அன்றே அதை முழுப் பாக்கி என்று மாற்றிவிடுங்கள்.