முடிவெடுக்கும் நேரத்தில் அறுந்துபோகும் கூகுள் மீட்
கிளைகளுடன் திங்கள்தோறும் நடத்தும் கூகுள் மீட் காணொலிக் கூட்டம் முடிவெடுக்கும் நேரத்தில் அறுந்துபோகிறது என்று கேட்டிருந்தீர்கள். இது பெரும்பாலும் இணையக் கோளாறாக இருக்காது. இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் கூகுள் மீட் 60 நிமிடம்தான். கும்பகோணம், திருவாரூர், நாகை என உங்கள் திங்கள் கூட்டத்தில் மூன்று கிளைகள் இருக்கின்றனவே.

55ஆவது நிமிடத்தில் எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இதுதான் காரணம். நாகைக்கு மட்டும் அறுந்தால் அங்குள்ள இணைப்பைப் பாருங்கள்.

கூடுதல் நேரத்துக்காகப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்: கூட்டத்துக்கான கூகுள் காலண்டர் அழைப்பிலேயே ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பை இணைத்து, நெல் இருப்பு, சாக்குக் கணக்கு எல்லாவற்றையும் கிளைகள் முந்தைய நாளே எழுதிவிடச் சொல்லுங்கள். கூட்டத்தில் அவற்றை வாசிக்கவே வேண்டாம். நேரத்தைத் தின்பது அதுதான். முடிவெடுக்க வேண்டியதை முதலில் பேசி, பொறுப்பாளர் பெயரையும் தேதியையும் அங்கேயே தட்டச்சு செய்யுங்கள்.

கோப்பில் கிளைகளுக்குத் திருத்தும் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பார்வை அனுமதி மட்டும் இருந்தால் எழுத முடியாது.