மூட்டு மாற்றியபின் கெண்டைக்கால் வீக்கம்: டி-டைமரா, டாப்ளரா, வடிகட்டியா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. இடது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 12 நாள் ஆகிறது. இரண்டு நாளாக அந்தக் கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. நாங்களாகவே டி-டைமர் எடுத்தோம். 1,850 என்று வந்தது. சர்ஜன் டாப்ளர் எடுக்கச் சொல்கிறார். உறவினர் ஒருவரோ, “ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுக்கக் கருவி இருக்கிறது, இல்லாவிட்டால் வடிகட்டி போடச் சொல்லுங்கள்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: டாப்ளரை, அதாவது காலின் ரத்தக்குழாய்களை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேனை, இன்றே எடுங்கள். ஆனால் அம்மாவுக்குத் திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ, மயக்கம் வந்தாலோ ஸ்கேன் சென்டருக்குப் போக வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். காலில் உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். அதைக் காட்டுவது, நுரையீரல் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம். அதுவரை காலில் தைலம் தேய்த்து நீவிவிடவே கூடாது.

டி-டைமர் என்பது உறைந்த ரத்தத்தை உடல் கரைக்கும்போது மிஞ்சும் துணுக்கு. அறுவை சிகிச்சைக் காயத்தில் உறைந்த ரத்தமும் கரைந்துகொண்டுதான் இருக்கும். அதனால் மூட்டு மாற்றியவருக்குப் பல வாரங்கள் இந்த அளவு ஏறியே நிற்கும். உங்கள் 1,850 எதையும் நிரூபிக்கவில்லை. ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எஃப்.இ.யூ. (ng/mL FEU) அலகில் 500-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணை வரம்பாகக் கொள்வதுண்டு. சில லேப்கள் டி.டி.யூ. அலகில் தருகின்றன, அந்த எண் ஏறக்குறைய பாதிதான் இருக்கும் என்பதால் அலகைப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு ‘கட்டி இல்லை’ என்று சொல்லத்தான் இந்தப் பரிசோதனை உதவும்.

அம்மா அந்த வகையில் இல்லை. காலில் கட்டி இருக்கும் வாய்ப்பைக் கணிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் வெல்ஸ் மதிப்பெண்ணில், 12 வாரத்துக்குள் பெரிய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் 1. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு கால்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால் இன்னொரு 1. இரண்டு வந்தாலே ஸ்கேன்தான் அடுத்த படி. மூட்டு மாற்றிய காலில் ஓரளவு வீக்கம் வழக்கம்தான் என்றாலும், அதைச் சொல்லி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

டாப்ளரில் நிறம் தெரிவதைவிட முக்கியம், அழுத்திப் பார்ப்பது. தொடை இடுக்கிலிருந்து முழங்காலின் பின்பக்கம் வரை, தோலில் வைக்கும் ஸ்கேன் முனையால் (புரோப்) சிரையைச் சிறிது சிறிது இடைவெளியில் அழுத்துவார்கள். நல்ல சிரை தட்டையாக மடங்கிவிடும், கட்டி இருந்தால் மடங்காது. கெண்டைக்கால் சிரைகளையும் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு மேலே மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதியிருந்தால், சுமார் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். கெண்டையில் இருக்கும் சிறு கட்டி அதற்குள் மேலே வளரக்கூடும்.

கட்டி உறுதியானால் பெரும்பாலோருக்குச் சிகிச்சை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துதான். ரிவரோக்சபன் என்றால் 15 மி.கி. தினம் இரு வேளை 21 நாள், பிறகு 20 மி.கி. தினம் ஒரு வேளை. வெறும் வயிற்றில் எடுத்தால் உடலில் சரியாகச் சேராது, சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். 22-ஆம் நாள் அளவு மாறுவதைக் குடும்பத்தினர் தவறவிடுவது அதிகம், காலண்டரில் குறித்துவையுங்கள். வார்ஃபரின் தந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். எண் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். அது வேலை செய்யத் தொடங்கும்வரை குறைந்தது 5 நாள் ஹெப்பாரின் ஊசி கூடவே ஓடும். அறுவை சிகிச்சையால் வந்த கட்டிக்குப் பொதுவாக 3 மாதம் போதும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்; ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடும். மலம் கறுப்பாகப் போனால் காத்திருக்க வேண்டாம்.

உறிஞ்சும் கருவிகள் உண்மைதான். தாமஸ் ஃபோகார்ட்டி 1963-இல் வெளியிட்ட பலூன் குழாயில்தான் இந்த வழி தொடங்கியது. கையுறையின் விரல் நுனியை, தூண்டில் இரை கட்டும் முறையில் குழாயில் கட்டிச் செய்த பலூன் அது. கட்டியைத் தாண்டி உள்ளே விட்டு, ஊதி, வெளியே இழுப்பார்கள். அது தமனி அடைப்புக்கு. சிரைக்கும் நுரையீரலுக்கும் இப்போது பெரிய துளையுள்ள குழாய்கள் உள்ளன. இடுப்புச் சிரைவரை அடைத்து, கால் நீலம் பாரித்து, கால் போய்விடும் என்ற நிலையிலும், நுரையீரல் அடைப்பால் ரத்த அழுத்தம் சரியும்போதும் இவற்றை யோசிப்பார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி, அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத அம்மாவுக்கு மிகவும் ஆபத்து. கெண்டைக்கால் கட்டிக்கு இரண்டுமே தேவையில்லை.

வடிகட்டி என்பது காலிலிருந்து இதயத்துக்குப் போகும் பெருஞ்சிரையில் வைத்து, பெயர்ந்து வரும் கட்டி நுரையீரலுக்குப் போகாமல் பிடிக்கும் கம்பிக் கருவி. அந்த விஷயத்தில் உறவினர் சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை. மருத்துவர் லாசர் கிரீன்ஃபீல்டும் எண்ணெய்த் துறைப் பொறியாளர் கார்மன் கிம்மலும் உருவாக்கிய கூம்பு வடிகட்டி 1973-இல் வந்தது. கூம்பின் முனையில் கட்டி சிக்கினாலும் ஓரங்களில் ரத்தம் ஓடும். ஆனால் மருந்தோடு கூடவே வடிகட்டியும் போட்டுப் பார்த்த பிரெஞ்சு ஆய்வில் (1998) நுரையீரல் அடைப்பு குறைந்தது, காலில் மறுபடி கட்டி வருவது கூடியது, இறப்பு குறையவில்லை. ஆகவே ரத்தக்கசிவு காரணமாக மருந்தே தர முடியாதபோதுதான் அது. கம்பி முறிவது, நகர்வது, சிரைச் சுவரைத் துளைப்பது எல்லாம் நாள் செல்லச் செல்லக் கூடும். எடுக்கக்கூடிய வகையை, ஆபத்து நீங்கியிருந்தால், 29 முதல் 54 நாளுக்குள் எடுப்பதே நல்லது என்கிறது மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்.டி.ஏ. அம்மாவுக்கு அந்த நிலை வந்தால், எடுக்கும் தேதியையும் எடுக்கப்போகும் மருத்துவரின் பெயரையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.