கர்ப்பமாக இருக்கும்போது பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்தால் குழந்தைக்கு ஆபத்தா?

ஐந்து மாதம், வீடு வயலை ஒட்டி இருக்கிறது, மருந்து வாடை வந்தாலே குமட்டுகிறது, மாமியாரோ "நாங்களெல்லாம் பிள்ளை பெறவில்லையா" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது, தங்கையே. ஒருநாள் வாடை பட்டதற்காகக் கருவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் போகம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்வதைச் சும்மா விட்டுவிடவும் கூடாது.

பிரசவம் முடியும்வரை பிறந்த வீட்டுக்குப் போய்விடு என்பதுதான் ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை. எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. என் அம்மா வீடும் வயலுக்கு நடுவில்தான் இருக்கிறது. குறுவை, சம்பா, தாளடி, பிறகு பருத்தி என்று ஏதாவது ஒன்றுக்கு யாராவது அடித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். மருந்து அடிக்கிறவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளட்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி ஏன் ஊரைவிட்டு ஓட வேண்டும்?

எங்களுக்கு வலங்கைமான் பக்கம் குத்தகை நிலம். இரண்டாவது பிள்ளையை நான் சுமந்தபோது சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு. என் வீட்டுக்காரர் மருந்து அடித்துவிட்டு வருவார். முதுகு டேங்க் கசிந்து சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். நடை பழகியிருந்த மூத்தவன் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்வான், கைலியை வாயில் வைத்துச் சப்புவான். ஒருநாள் அவனைப் பிடித்து இழுத்தேன். "அப்பனிடம் போகிற பிள்ளையைத் தடுக்கிறாளே" என்று அத்தை சத்தம் போட்டார். நான் விடவில்லை. மருந்து அடிக்கும் நாளில் கொல்லைப்புற அடிபம்பில் சோப்புப் போட்டுக் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அந்தத் துணிக்குத் தனி வாளி, துவைப்பதும் அவர்தான். முதலில் முகம் சுளித்தார். இப்போது என் கொழுந்தனும் அதையே செய்கிறார்.

அந்த வருடமே இன்னொன்றும் நடந்தது. பக்கத்து வயல்காரர் மீதி மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். மூத்தவன் அதை நோக்கி நடந்துகொண்டிருந்தான். இந்தத் திரவ மருந்துகளில் பலவற்றைத் தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும். வாளியில் கலக்கி வைத்திருப்பதைப் பிள்ளை பார்த்தால் என்னவென்று நினைக்கும்? அன்றிலிருந்து மருந்து வாங்கிய பாட்டிலிலேயே, பூட்டிய பெட்டியில்தான். கலக்குகிற மக்கும் சமையற்கட்டுப் பக்கம் வராது.

நான் டாக்டர் இல்லை. படித்ததையும் மருத்துவரிடம் கேட்டதையும் சொல்கிறேன். குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பைத் தாக்குவதுபோலவே மனித நரம்பையும் தாக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகும். பிறந்த குழந்தையின் உடம்பில் அதை முறிக்கும் நொதி குறைவு. எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் குடும்பத்துத் தாய்மார்களை ஆராய்ந்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள். கர்ப்பத்தில் இவ்வகை மருந்து உடம்பில் அதிகம் சேர்ந்திருந்த தாய்மார்களின் பிள்ளைகள், ஏழு வயதில் நுண்ணறிவுத் தேர்வில் பின்தங்கியிருந்தார்கள். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆகும் என்று இதற்குப் பொருள் இல்லை.

"மருந்து அடிக்காமல் நீ விளைவித்துக் காட்டு" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நாங்களும் அடிக்கிறோம். கடைக்காரர் கடனில் கொடுப்பதைத்தான் வாங்குகிறோம், எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க எங்களுக்கு எங்கே வசதி? இத்தனை செலவு செய்து அறுத்த நெல், கொள்முதல் நிலைய வாசலில் நாள்கணக்கில் மழையில் கிடக்கிறது. 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்தால் அதே நெல் காய்ந்துவிடுகிறது. இந்த வயிற்றெரிச்சலை எங்கே சொல்வது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வயல்காரரிடம் முதல்நாளே தகவல் சொல்லச் சொல்லுங்கள். அடிக்கும்போது ஜன்னலைச் சாத்துங்கள். கொடியில் கிடக்கும் துணியையும் தண்ணீர்க் குடத்தையும் உள்ளே எடுத்துவிடுங்கள். மருந்து அடித்த வயலில் உடனே களை எடுக்க இறங்காதீர்கள். மாமியாரிடம் ஒன்றைச் சொல்லலாம்: அவர் காலத்தில் வெறுங்கையால் வீசிய போரேட் என்ற பூச்சிமருந்துக் குருணையை மத்திய அரசே 2020 முடிவோடு தடை செய்துவிட்டது.

வீட்டில் யாருக்காவது மருந்து பட்டு எச்சில் ஒழுகினால், வியர்த்துக் கொட்டினால், கண்மணி சுருங்கினால், மூச்சுத் திணறினால் உடனே 108. நனைந்த துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குடித்துவிட்டால் உப்புத் தண்ணீரோ சாணிக் கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் டாக்டர் சிகிச்சையைத் தாமதமில்லாமல் தொடங்க முடியும்.